தம்பியின் பென்ஷன் காகிதங்களும் எங்கள் பக்கத்து அக்‌ஷயா மையமும்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கம் இருக்கிற தமிழ் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் மாற்றுத்திறனாளி ஒருவரை வைத்துக்கொண்டு, எந்தக் காகிதத்தை எந்த ஆபீசில் கொடுப்பது என்று தெரியாமல் அலைகிறவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் இருக்கிறார்கள். எனக்கு ஒரு தம்பி. வயது 26 ஆனாலும் பேச்சும் புரிதலும் ஆறேழு வயதுப் பிள்ளை மாதிரி, வலது கை பிறந்ததிலிருந்தே மடங்கியே இருக்கும். அவன் காகிதமெல்லாம் முன்பு அம்மா பார்த்தார், அம்மாவுக்கு முட்டி வலி வந்த பிறகு நான் பார்க்கிறேன்.

அக்‌ஷயா என்பது அரசு விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிற கேரள அரசின் சேவை மையம். எங்கள் மையத்தின் பெயரைப் போடவில்லை, எங்கள் வட்டாரத்தில் பேருந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நடத்துகிற அக்கா மலையாளி, ஆனால் நம் ஆட்களோடு தமிழில்தான் பேசுவார். படிவம் முழுக்க மலையாளத்தில் இருந்தால் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து வாசித்துக் காட்டி, நமக்குப் புரிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார். இது ஒன்றுக்காகவே அங்கே போகலாம் என்பேன், ஏனென்றால் அம்மா எத்தனையோ வருடம் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கைநாட்டு வைத்திருக்கிறார்.

இங்கே வருவதற்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் தம்பிக்கு யு.டி.ஐ.டி. கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு, விண்ணப்பம் போட்டோம். கடைக்காரர் எங்கள் போன் நம்பரைக் கேட்கவே இல்லை, ஓடிபி சட்டென்று வரட்டும் என்று தன்னுடைய நம்பரையே போட்டுவிட்டார். நாங்களும் கவனிக்கவில்லை. ஊனம் எத்தனை சதவீதம் என்று பார்த்துச் சொல்கிற டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டுக்கு எப்போது வரவேண்டும் என்ற மெசேஜ் அவர் போனுக்குப் போயிருக்கிறது, அவர் அதற்குள் கடையை எடுத்துவிட்டு எங்கோ போய்விட்டார். ஏழு மாதம் நாங்கள் வீட்டில் சும்மா காத்துக்கொண்டிருந்தோம். தயவுசெய்து யாரிடம் விண்ணப்பம் போட்டாலும், பிரிண்ட் எடுத்தவுடன் அதில் இருக்கிற போன் நம்பர் உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள்.

இந்த அக்கா செய்த முதல் வேலை, ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பழைய மெடிக்கல் சர்ட்டிபிகேட் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து, பெயர் இருக்கும் இடத்தைப் பென்சிலால் சுற்றினது. ஆதாரில் இனிஷியல் முன்னால், ரேஷன் கார்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை, சர்ட்டிபிகேட்டில் இரண்டு எழுத்து மாறிக் கிடக்கிறது. நம் ஆட்கள் நிறைய பேருக்கு இதுதான் கதை. தமிழ்ப் பெயரை மலையாளத்தில் எழுதி, அதைப் பார்த்து இன்னொருவர் இங்கிலீஷில் எழுதும்போது ஒவ்வொரு ஆபீசிலும் ஒரு பெயர் பிறந்துவிடுகிறது. முதலில் ஆதாரைச் சரி பண்ணு, அப்புறம் ரேஷன் கார்டு, கடைசியில் பேங்க், மூன்றும் ஒன்றாகும் வரை வேறு எதற்கும் பணம் கட்டாதே என்றார். அன்றைக்கு எங்களிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. யு.டி.ஐ.டி. கிடைத்துவிட்டது, எழுத்தும் எண்ணுமாக 18 இடம் கொண்ட நம்பர் உள்ள கார்டு, நாடு முழுக்கச் செல்லும். ஆனால் ஒரு விஷயம், கார்டு எங்கேயும் செல்லும் என்பதால் பென்ஷனும் எங்கேயும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பொள்ளாச்சியில் எங்கள் அத்தை பேரனுக்குத் தமிழ்நாட்டில் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. ரேஷன் கார்டு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு அது கிடையாது, கேரளத்து மாற்றுத்திறனாளி பென்ஷன்தான். அதற்கான விண்ணப்பத்தைப் பஞ்சாயத்தில்தான் கொடுக்கவேண்டும், 40 சதவீதம் ஊனம் என்ற சர்ட்டிபிகேட்டும், குடும்ப வருமானம் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்குள் என்று வில்லேஜ் ஆபீஸ் கொடுக்கிற சான்றும் வேண்டும். தமிழ்நாட்டு வி.ஏ.ஓ. சான்றிதழ் இங்கே எடுபடாது, புதிதாகக் கல்யாணம் ஆகி இந்தப் பக்கம் வந்த பெண்கள் இதில் ஒரு நடை வீணாக்குகிறார்கள். தொகை 1600 ஆக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து 2000.

வருடா வருடம் மஸ்டரிங் வரும். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கைரேகையோ கண்ணோ வைத்துக் காட்டவேண்டும், தவறினால் பென்ஷன் நின்றுவிடும். மையத்துக்குப் போனால் 30 ரூபாய், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கு வந்து எடுத்தால் 50 ரூபாய். தம்பிக்கு விரல் விரியாது, விரித்தாலும் ரேகை விழாது. போன தடவை அங்கே வேலை செய்கிற பெண், கண் பார்க்கிற கருவியை முதலில் அவன் இடது கையில் கொடுத்து, அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முகர்ந்துகூடப் பார்க்கும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு தன் கண்ணில் வைத்துக் காட்டி, "அண்ணா, இதுக்குள்ள சின்ன லைட் இருக்கு, கண்டுபிடிங்க" என்றாள். அவன் கண்டுபிடித்துவிட்டுச் சிரித்தான், அதற்குள் பதிவு ஆகிவிட்டது. பின்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணும் ஒத்துவராதவர்கள் பஞ்சாயத்தில் வாழ்நாள் சான்று கொடுக்கலாம் என்பதையும் அந்தப் பெண்தான் சொன்னாள்.

எனக்கு இங்கே கிடைத்த பெரிய உதவி வேறு. 18 வயது முடிந்தவருக்கு அம்மா அப்பாகூடத் தானாகக் காப்பாளர் ஆகிவிட முடியாது என்று எங்களுக்குத் தெரியாது. தம்பி பெயரில் பென்ஷன் பணம் போட்டு எடுக்கிற கணக்குக்கு பேங்கில் காப்பாளர் சான்றிதழ் கேட்டார்கள், அம்மா பதறிவிட்டார். 1999-ல் வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல குறைபாடு சேர்ந்திருப்பது, இந்த நான்குக்கும் கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு ஒன்று காப்பாளர் சான்றிதழ் கொடுக்கும். கோர்ட்டுக்குப் போகவேண்டாம், கூடப் பிறந்தவர்களும் கேட்கலாம். அதை வைத்து பேங்க் கணக்கை நடத்தலாம். அம்மாவுக்குப் பிறகு யார் என்ற கேள்வி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து பேசாதது, அந்த மேசையில் உட்கார்ந்து படிவத்தில் என் பெயரை எழுதினபோதுதான் அம்மா முதல் தடவையாக அதைப் பற்றிப் பேசினார். அதே சட்டத்தின் கீழ் நிராமயா என்ற மருத்துவ இன்சூரன்சும் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபி செலவுக்கும் கேட்கலாம். பில்லெல்லாம் அசலாக வேண்டும், நாம் முதலில் கட்டிவிட்டுப் பிறகு வாங்குவதுதான், அதனால் மருந்துக் கடைச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் இரண்டு உயரமான படி, சாய்வுப் பாதை கிடையாது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களை இரண்டு பேர் தூக்கவேண்டியிருக்கிறது, மாற்றுத்திறனாளிகள் அடிக்கடி வருகிற இடத்தில் இது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், கட்டிடக்காரரிடம் கேட்பதாக அக்கா சொன்னார். மஸ்டரிங் முடிகிற கடைசி வாரம் சர்வர் படுத்துவிடும், காலை எட்டுக்கு டோக்கன் வாங்கி மதியம் சாப்பாட்டுக்குத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆரம்பித்த முதல் வாரத்திலேயே போய்விடுங்கள், மூன்று மணிக்கு மேல் கூட்டம் குறைவு.

எவ்வளவு வாங்குவார்கள் என்று சுவரில் ஒட்டியிருக்கிறது, ரசீது கேட்காமலே தருவார்கள். போகும்போது அசல் கார்டுகள், இரண்டு போட்டோ, ஓடிபி வருகிற போன், அதில் சார்ஜ். கூட வருகிறவர் பசி தாங்காதவர் என்றால் பக்கத்துப் பேக்கரியில் பழம்பொரி சூடாகக் கிடைக்கும், தம்பிக்கு அது இல்லாமல் அந்தப் பக்கம் போகவே முடியாது.