தாடை வீக்கத்துக்கு "மாத்திரை முடியட்டும்" என்றால் காத்திருக்காதீர்கள்

என் மாமாவுக்கு 54 வயது, சர்க்கரை உண்டு. கீழ்க் கடைவாய்ப்பல் வலி என்று எங்கள் ஊர்ப் பல் கிளினிக் ஒன்றுக்குப் போனார். ரூட் கேனல் முதல் சிட்டிங் என்று 4,000 ரூபாய் வாங்கினார்கள். சுகர் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் தாடை வீங்கியது. போன் செய்தால், "மாத்திரை முடியட்டும், வீக்கம் வத்தினாத்தான் பல்லைத் தொட முடியும்" என்று பதில். நேரில் போனார். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. சரியாகத் தெரியவில்லை என்று வலி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வாய் திறக்காததே ஆபத்தான அறிகுறி என்று எங்களுக்குத் தெரியாது, சரி. அவர்களுக்குமா தெரியாது? ஊசியில் வலி குறைந்ததும் நாங்களும் நம்பிவிட்டோம். அத்தை ஒத்தடம் வேறு கொடுத்தார், அதுவும் கூடாதாம்.

மூன்றாம் நாள் இரவு போய்ப் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டு எச்சிலில் ஊறிப்போயிருந்தது. விழுங்க முடியாமல் வழியவிட்டுக்கொண்டிருந்தார். வாயில் சுடுசோறு வைத்துக்கொண்டு பேசுவது போல் ஒரு குரல். தாடைக்கு அடியில் தொட்டால் பலகை மாதிரி கெட்டி, அமுக்கினால் குழியே விழவில்லை. நாக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கட்டிலில் குனிந்தே உட்கார்ந்திருந்தார். அப்படியே காரில் உட்காரவைத்து மதுரைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே டாக்டர் சீட்டு எழுதும் முன்பே ஆளைப் பார்த்துவிட்டு மயக்க டாக்டரைக் கூப்பிட்டார். லுட்விக் ஆஞ்சைனாவாம், பல்லிலிருந்து தாடைக்கு அடியில் வேகமாகப் பரவும் தொற்று. 1836-லேயே ஜெர்மன் டாக்டர் லுட்விக் எழுதிவைத்த நோய். கீழே கடைசி இரண்டு கடைவாய்ப்பற்களின் வேர் நுனி, நாக்குக்கு அடியிலுள்ள தசை ஒட்டியிருக்கும் கோட்டுக்கும் கீழே இறங்கியிருக்கும். அங்கே சீழ் பிடித்தால் நேரே கழுத்துப் பக்கம் பரவும்; நாக்கு பின்னால் தள்ளப்பட்டு மூச்சுப் பாதையை அடைக்கும். சுகர் 380 இருந்தது. ஆளை மயக்காமலேயே, மூச்சு விட மூக்கு வழியாகக் குழாய் இறக்கினார்கள். அப்புறம் தாடைக்கு அடியில் கிழித்துச் சீழை வடித்து, பல்லையும் பிடுங்கினார்கள். சீழுக்கு வழி விடாமல் மாத்திரையை மட்டும் கொடுத்து என்ன பயன் என்று அந்த டாக்டர் திட்டியது எங்களைத்தான்.

ஆறு நாள் ஐசியூ. ஐந்தாம் நாள் கிளினிக்கிலிருந்து அத்தைக்குப் போன், இரண்டாவது சிட்டிங்குக்கு எப்போது வருகிறீர்கள் என்று. "பல்லே இல்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.