படங்களைக் குறைவில்லாமல் கணினிக்குக் கொண்டுசேர்க்க: டேட்டா கேபிளும் லோக்கல்சென்ட் செயலியும்

கைபேசியில் எடுத்த படங்களைக் கணினிக்கு மாற்றுவதற்கு இன்று வழிகள் பல இருக்கின்றன. ஆனால் தமிழக-கேரள எல்லையில் கூடலூர், லோயர் கேம்ப், குமுளி என்று மலையடிவாரத்திலும் மலைமேலுமாக வாழ்கிற எங்களுக்கு அவை எல்லாம் ஒரே அளவில் பயன்படுவதில்லை. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு சிக்னல் வந்து போகும். ஏலத்தோட்டங்களுக்குள் சென்றுவிட்டால் பல இடங்களில் அதுவும் இருக்காது. அதே நேரத்தில் இங்கு எடுக்கப்படும் படங்களில் மறுபடி எடுக்க முடியாதவை நிறைய உண்டு. மங்கலதேவி கண்ணகி கோயில் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவது ஆண்டுக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டுமே. பளியங்குடி வழியாக நடந்தோ, குமுளியிலிருந்து ஜீப்பிலோ மேலே சென்று எடுத்த படம் கெட்டுப்போனால், அடுத்த படத்துக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே, எடுத்த படம் எடுத்தபடியே, அளவும் தேதியும் இடக்குறிப்பும் குறையாமல் கணினிக்கு வந்து சேர்கிறதா என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வசதியையும் வேகத்தையும் அதற்குப் பிறகே பார்க்கிறேன்.

இந்தக் கேள்வியை வைத்தவுடனேயே நம்மில் பெரும்பாலோர் கையாளும் வழி விலகிப்போகிறது. படத்தை வாட்ஸ்அப்பில் தமக்கே அனுப்பிக்கொண்டு, கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்து இறக்கிக்கொள்வது இங்கே வீட்டுக்கு வீடு நடக்கிறது. வழக்கமான தரத்தில் அனுப்பும்போது படத்தின் நீண்ட பக்கம் சுமார் 1,600 பிக்சலுக்குச் சுருக்கப்படுகிறது. 4,000க்கு 3,000 பிக்சல் அளவுள்ள 12 மெகாபிக்சல் படம் இப்படிச் சென்றால், ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். கைபேசித் திரையில் வேறுபாடு தெரியாது; ஆல்பத்துக்கு அச்சிடும்போதோ, சிதைந்த கற்சுவரின் செதுக்கலைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதோ அது தெரியவரும். அதனுடன், படம் எப்போது எங்கே எடுக்கப்பட்டது என்று கோப்புக்குள் கேமரா எழுதிவைத்த குறிப்புகளும் நீங்கிவிடுகின்றன. எச்டி தரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் படம் சுருங்கத்தான் செய்கிறது. 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் கோப்பு அப்படியே செல்லும் என்பது உண்மை. இரண்டு மூன்று படங்களுக்கு அது போதும், ஒரு திருவிழாவின் படங்கள் முழுவதற்கும் அது தோதான வழியாகாது.

கூகுள் ஃபோட்டோஸ் போன்ற இணையச் சேமிப்பு நல்ல சேவைதான்; கைபேசி தொலைந்தாலும் படம் இருக்கும் என்பது சிறிய நன்மையன்று. ஆனால் எல்லையில்லாத இலவச இடம் என்பது 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது கிடைக்கும் இலவச 15 ஜிபியை ஜிமெயிலும் டிரைவும் சேர்ந்தே பங்கிட்டுக்கொள்கின்றன. இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால் படங்கள் அங்கும் சுருக்கப்படுகின்றன. இவற்றைவிட எங்கள் வட்டாரத்துக்குப் பெரிய தடை ஒன்று உண்டு. ஆயிரம் படங்கள் ஏறத்தாழ 4 ஜிபி ஆகும். நாளொன்றுக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி தரும் ரீசார்ஜை வைத்துக்கொண்டு, விட்டுவிட்டு வரும் சிக்னலில் அவற்றை மேலே ஏற்றி, பிறகு அதே சிக்னலில் கணினிக்கு இறக்குவதென்றால், இரண்டடி தூரத்தில் இருக்கும் இரண்டு கருவிகளுக்கிடையே ஊர் சுற்றி வருவதைப் போலாகும்.

ஆகவே எனது முதல் பரிந்துரை, பழைய டேட்டா கேபிள்தான். இதற்கு இணையம் வேண்டாம், கணக்கு வேண்டாம், செயலியும் வேண்டாம். ஆண்ட்ராய்டு கைபேசியை விண்டோஸ் கணினியோடு இணைத்தவுடன் அது சார்ஜ் மட்டுமே ஏறும் நிலையில்தான் நிற்கும். பலர் இந்த இடத்திலேயே 'கணினியில் போன் தெரியவில்லை' என்று கைவிட்டுவிடுகிறார்கள். கைபேசியின் பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து, யுஎஸ்பி பற்றிய அறிவிப்பைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்பின் கணினியில் கைபேசியின் பெயர் தோன்றும். அதற்குள் டிசிஐஎம், அதற்குள் கேமரா என்ற ஃபோல்டரில் படங்கள் இருக்கும். அவற்றைப் பிரதியெடுத்துக் கணினியில் ஒட்டினால், கேமரா எழுதிய கோப்பு எழுதியபடியே வந்துவிடுகிறது. வந்த படத்தின் பண்புகளைத் திறந்து பார்த்தால், எடுத்த தேதியும், இடம் பதியும் வசதி இயக்கத்தில் இருந்திருந்தால் அட்சரேகை தீர்க்கரேகையும் அப்படியே இருப்பதைக் காணலாம்.

இந்த வழிக்குப் பின்னால் இருப்பது, கருவிகள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்வதற்கான எம்டிபி (மீடியா டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால்) என்ற நெறிமுறை. முற்காலக் கைபேசிகள் தமது சேமிப்பகத்தையே பென் டிரைவைப் போலக் கணினியிடம் ஒப்படைத்துவிடும். அந்த நேரத்தில் கைபேசியால் அதைப் பயன்படுத்த முடியாது, திடீரென்று கேபிளைப் பிடுங்கினால் சேமிப்பகமே பழுதாகும் அபாயமும் இருந்தது. ஆண்ட்ராய்டு எம்டிபிக்கு மாறிய பின், சேமிப்பகம் கைபேசியின் பிடியிலேயே இருக்கிறது. கணினி கேட்கும் கோப்புகளைக் கைபேசி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறது. பாதுகாப்பு கூடியது, அதற்கு விலையாகச் சில தொல்லைகளும் வந்தன. பல ஆயிரம் படங்கள் உள்ள ஃபோல்டர் திறப்பதற்கே நேரமாகிறது. அது திறந்து முடியும் வரை பொறுமையாக இருக்க வேண்டும், நடுவில் எதையும் சொடுக்கக் கூடாது. சற்றுமுன் எடுத்த படம் சில வேளைகளில் கணினியின் பட்டியலில் வராது; கைபேசியை அணைத்துத் தொடங்கினால் வந்துவிடும். நடுவில் இணைப்பு அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி விண்டோஸில் இல்லை. இதனால் ஒருபோதும் 'கட்' செய்து ஒட்டாதீர்கள். 'காப்பி' மட்டுமே செய்யுங்கள். இரண்டு ஃபோல்டர்களிலும் கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றுதானா என்று பார்த்து, நான்கைந்து படங்களையும் வீடியோக்களையும் திறந்து பார்த்த பிறகே கைபேசியில் உள்ளவற்றை நீக்குங்கள். அழித்த படத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நம்பி இந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்ப்பது சரியன்று.

கேபிளில் கவனிக்க வேண்டியது மிக முக்கியம். யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பிகளும் தரவுக்கு இரண்டு கம்பிகளும் இருக்கும். மலிவாக விற்கப்படும் சில கேபிள்களில் தரவுக்கான கம்பிகள் இரண்டும் இருப்பதே இல்லை. சார்ஜ் நன்றாக ஏறும், கணினியோ கைபேசியை அறியவே அறியாது. மேலே பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. தமிழிலும் மலையாளத்திலும் பலகை வைத்திருக்கும் குமுளிக் கடைகளில் ஒன்றில் நான் கேட்டபோது, கடைக்காரர் தாமாகவே, "அண்ணே, இது சார்ஜுக்கு மட்டும்தான், டேட்டா போகாது, அது வேணும்னா இதை எடுங்க" என்று வேறொன்றை எடுத்துக்கொடுத்தார். எல்லாக் கடைகளிலும் அந்த நேர்மையை எதிர்பார்க்க முடியாது; ஆகையால் கடையிலுள்ள கணினியில் செருகிக் காட்டச் சொல்லி வாங்குவதே நல்லது. இரண்டு முனைகளும் டைப்-சி ஆக இருப்பதாலேயே வேகம் கூடிவிடாது. பல டைப்-சி கேபிள்கள் நொடிக்கு 480 மெகாபிட் என்ற யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு உரியவைதான். கணக்குப்படி அது நொடிக்கு 60 மெகாபைட். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலும் ஆயிரம் படங்கள் சில நிமிடங்களில் வந்துவிடும். படங்களுக்கு இதுவே போதும். நீண்ட 4கே வீடியோக்கள் எடுப்பவர்களுக்கு மட்டுமே 5 ஜிகாபிட் கேபிளும், அந்த வேகத்தைத் தாங்கும் கைபேசியும் தேவைப்படும்.

கேபிள் இல்லாத நேரத்துக்கும், கணினியின் யுஎஸ்பி துளை தளர்ந்துபோனவர்களுக்கும் நான் பரிந்துரைப்பது லோக்கல்சென்ட் என்ற செயலி. இது இலவசம், மூலநிரல் எல்லோரும் பார்க்கும்படி திறந்திருக்கிறது, விளம்பரமும் இல்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய எல்லாவற்றிலும் ஓடுகிறது. கைபேசியும் கணினியும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒன்றையொன்று தாமாகவே கண்டுகொள்கின்றன. படங்களைத் தேர்ந்தெடுத்து, கணினியின் பெயரைத் தொட்டு, கணினியில் சம்மதம் கொடுத்தால் அனுப்புதல் தொடங்கிவிடும். இடையில் வெளியிலுள்ள எந்தச் சர்வரும் இல்லை. தரவு மறையாக்கம் செய்யப்பட்டு வீட்டு வைஃபைக்குள்ளேயே செல்கிறது. படத்தைச் சுருக்கும் வேலையும் இதில் இல்லை.

மலைமேல் வாழ்பவர்களுக்கு இந்தச் செயலியின் மிகப் பெரிய நன்மை, இணையமே இல்லாமல் இது இயங்குவதுதான். ஏலத்தோட்டத்து வீட்டில் வைஃபை இல்லையென்றாலும், கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணைத்தால் போதும். படம் இரண்டு கருவிகளுக்கிடையே மட்டும் செல்வதால் ரீசார்ஜிலிருந்து டேட்டா குறையாது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: லேப்டாப் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தவுடன், விண்டோஸ் தன் அப்டேட்டுகளை அந்த வழியாக இறக்கத் தொடங்கலாம். ஆகையால் மொபைல் டேட்டாவை முதலில் அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டைப் போடுவது நல்லது.

குறைகளும் உண்டு. கணினி கைபேசியைக் காணவில்லை என்றால் பெரும்பாலும் வெளி இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வால்தான் காரணம். அந்த வைஃபையை 'பப்ளிக்' என்பதிலிருந்து 'பிரைவேட்' ஆக மாற்றினால் சரியாகும். தங்கும் விடுதிகளின் வைஃபையில் ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். தேக்கடிக்கு வந்து தங்குபவர்கள் அங்கே முயல்வதைவிடத் தமது ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்துவதே மேல். நூற்றுக்கணக்கான படங்களை ஒரேயடியாக அனுப்பும்போது கைபேசித் திரை அணைந்தால் அனுப்புதல் நின்றுபோகக் கூடும் என்பதால், சிறுசிறு தொகுதிகளாக அனுப்புகிறேன். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது இடக்குறிப்பு பற்றியது. ஆண்ட்ராய்டு 10 முதல், படத்திலுள்ள இடக்குறிப்பைப் படிக்கத் தனி அனுமதி பெறாத செயலிகளுக்கு, இயங்குதளமே அந்தக் குறிப்பை மறைத்துவிட்டுத்தான் கோப்பைக் கொடுக்கிறது. லோக்கல்சென்ட் என்றில்லை, எந்தச் செயலியானாலும் முதலில் ஒரே ஒரு படத்தை அனுப்பி, கணினியில் அதன் பண்புகளைத் திறந்து இடக்குறிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றை அனுப்புங்கள். இடக்குறிப்பு கட்டாயம் வேண்டியவர்கள் கேபிளையே பயன்படுத்தட்டும்.

கூகுளின் குவிக் ஷேர் செயலியும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. ஆண்ட்ராய்டும் விண்டோஸும் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அது போதுமானது. எங்கள் வீடுகளில் ஒருவரிடம் ஐபோனும் மற்றவரிடம் ஆண்ட்ராய்டும் இருப்பதால், எல்லாவற்றிலும் ஓடும் லோக்கல்சென்டையே நான் மேலாகக் கருதுகிறேன்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் விண்டோஸுக்குக் கேபிள் வழியாக மாற்றும்போது, 'இந்தக் கணினியை நம்பலாமா' என்ற கேள்விக்குச் சம்மதம் கொடுக்க வேண்டும். பிரதியெடுத்தல் பாதியில் பிழை காட்டி நிற்பது இங்கே பரவலான புகார். செட்டிங்ஸில் ஃபோட்டோஸ் பகுதியின் கீழே, 'மேக் அல்லது பிசிக்கு மாற்றுதல்' என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' இருந்தால், எச்இஐசி என்ற ஐபோனின் பட வடிவத்திலுள்ள கோப்புகளை, எங்கும் திறக்கும் ஜேபெக் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே அனுப்புவதில் அந்தத் தடங்கல் வருகிறது. 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஐகிளவுடில் இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு இயக்கத்தில் இருந்தால், மூலப்படங்கள் கைபேசியிலேயே இல்லாமல் இணையத்தில் இருக்கலாம். அவை கேபிளில் வராது.

கணினி இல்லாதவர்களுக்காக, எல்லையின் இருபுறத்திலும் உள்ள மொபைல் கடைகளிலும் ஸ்டூடியோக்களிலும் படங்களைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறார்கள். பயனுள்ள சேவை, முதியவர்களுக்கு இதுவே ஏற்றது. கைபேசியைக் கொடுத்துவிட்டு வெளியே செல்லாமல் அருகிலேயே அமர்ந்திருங்கள்; வாட்ஸ்அப் வழியாக மாற்றித் தருகிறோம் என்று சொன்னால் மறுத்து, கேமரா ஃபோல்டரைக் கேபிள் வழியாக முழுதாகப் பிரதியெடுக்கச் சொல்லுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருந்தால் 4 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. திருமண வீடியோ போன்ற நீண்ட பதிவு இருந்தால், காலியான பென் டிரைவைக் கொடுத்து, எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு மாற்றிவிட்டு ஏற்றச் சொல்ல வேண்டும். ஏற்றி முடித்ததும் கடையின் கணினியில் தங்கியிருக்கும் பிரதியை உங்கள் கண்முன்னே நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.