வெயில் காலக் கூடாரத்தில் பவர் ஸ்டேஷன்: சில கோடைகள் பயன்படுத்திய பிறகு

போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன், அதாவது தூக்கிப் போகக்கூடிய பெரிய பேட்டரிப் பெட்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட்-அவர், அதாவது எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்றுதான். 1000 வாட்-அவர் பெட்டி ஒன்றை சில கோடைகளாக முகாமுக்கு எடுத்துப் போய் வருகிறேன். கடும் வெயிலில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: எந்தச் சூடு வரை அது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்?

கையேட்டில் இரண்டு வெப்பநிலை வரம்புகள் இருக்கும். மின்சாரம் எடுக்க ஒன்று, ஏற்ற ஒன்று. ஏற்றுவதற்கான உச்சம் பெரும்பாலும் 40 அல்லது 45 டிகிரி செல்சியஸ். பெட்டிக்குள் இருக்கும் சென்சார் அளப்பது உள்ளே இருக்கும் பேட்டரி செல்லின் சூட்டை, வெளிக்காற்றின் சூட்டை அல்ல. காற்று 36 டிகிரியாக இருந்தாலும், வெயிலில் கிடக்கும் கறுப்புப் பெட்டி சார்ஜ் ஏறும்போது தானும் சூடாகி 45-ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். உடனே பேட்டரி மேலாண்மைச் சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடும். சோலார் பேனல் நன்றாகத் தரும் உச்சி வேளையில்தான் இது நடக்கும். அது பழுது அல்ல, செல்களைக் காப்பாற்றும் ஏற்பாடு.

ஆகவே பேனல் வெயிலில், பெட்டி நிழலில். இதற்கு நீளமான கேபிள் கட்டாயம் வேண்டும். நான் 10 மீட்டர் வைத்திருக்கிறேன். கம்பி தடிமனாக இருந்தால்தான் வழியில் இழப்பு குறையும். நிழல் என்றால் மரத்தடியோ மேசைக்கு அடியோ, காற்றோட்டம் உள்ள இடமாக இருக்க வேண்டும். மூடிய கூடாரமும் நிறுத்திய காரும் நிழல் கணக்கில் சேராது. இரண்டும் வெளியைவிட அதிகமாகக் கொதிக்கும். மர நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், பத்து மணிக்கு வைத்த இடத்தை ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தாக வேண்டும். ஈரத்துணி போர்த்திக் குளிர வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் ஆபத்து.

பேனலுக்கும் சூடு ஆகாது. அதன் மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கு, பேனலின் சோலார் செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். வெயிலில் செல் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அப்போதே பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. என் 200 வாட் பேனலில் 150 வந்தாலே நல்ல நாள் என்பேன். பேனலைத் தரையில் ஒட்டிப் போடாமல், பின்னால் காற்றுப் போகும்படி சாய்த்து வைத்தால் கொஞ்சம் உதவும். காலை எட்டு மணிக்கே சூரியனை நோக்கித் திருப்பி வைத்து, வெயில் ஏறுவதற்குள் முடிந்தவரை சார்ஜ் ஏற்றிக்கொள்வதுதான் எனக்குச் சரிப்பட்டு வந்த முறை.

செலவு பக்கத்தில் ஃபிரிட்ஜ்தான் எல்லாம். என் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 வாட் இழுக்கும். குளிர்ந்த இரவில் விட்டுவிட்டுத்தான் ஓடும், கொதிக்கும் மதியத்தில் பாதி நேரத்துக்கு மேல் ஓடும். சராசரியாக ஒரு நாளுக்கு 500 வாட்-அவர் வைத்துக்கொள்ளலாம். இதை 12 வோல்ட் டிசி சாக்கெட்டில் மாட்டினால் பெட்டி ஒன்றரை நாள் தாராளமாகத் தாங்கும். வீட்டில் இருப்பது போன்ற ஏசி பிளக்கில் மாட்டினால் ஒரு நாளே இழுபறி. பேட்டரியின் டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர் ஆன் செய்த நிலையில் சும்மா இருந்தாலே 10, 15 வாட் தின்னும், 24 மணி நேரத்துக்கு அது 300 வாட்-அவர் பக்கம் வந்துவிடும்.

இரண்டு செட்டிங்குகளைக் கவனியுங்கள். லோடு குறைந்தால் தானாக அணைந்துபோகும் எக்கோ மோட் பல பெட்டிகளில் உண்டு. கம்ப்ரசர் ஓய்வெடுக்கும் நேரத்தில் லோடு இல்லை என்று நினைத்து அது இணைப்பைத் துண்டித்துவிட்டால், விடியும்போது உள்ளே இருக்கும் பாலும் இறைச்சியும் கெட்டிருக்கும். அதை அணைத்தே வையுங்கள். அப்புறம், வோல்டேஜ் குறைந்தால் ஃபிரிட்ஜை நிறுத்திவிடும் கார் பேட்டரி பாதுகாப்பு என்று ஃபிரிட்ஜில் மூன்று படிகள் இருக்கும். பவர் ஸ்டேஷனில் ஓட்டும்போது கீழ்ப்படியே போதும்.

காற்றுக்கு டிசி ஃபேன் நல்ல துணை, 10 வாட்டில் இரவு முழுக்க ஓடும். கூடாரத்தைக் குளிர்விக்கும் ஏசி மெஷின் 250 வாட் கேட்கும். இந்த அளவுப் பெட்டியில் மூன்றரை மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். அதற்காகவே வாங்குவதாக இருந்தால், இதைப் போல மூன்று மடங்காவது வேண்டும்.

பேட்டரி வகையில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டையே எடுங்கள். கொஞ்சம் கனம்தான், ஆனால் நிக்கல் கலந்த வகையைவிடச் சூட்டைப் பொறுத்துக்கொள்ளும், பல மடங்கு சார்ஜ் சுற்றுகளும் உழைக்கும். எந்த வகையானாலும் முழுச் சார்ஜோடு சூடான அறையில் மாதக்கணக்கில் கிடந்தால் சீக்கிரம் மூப்படையும். முகாம் முடிந்து வந்ததும் பாதி அளவுக்கு இறக்கி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வைக்கிறேன். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து அளவு பார்த்து, குறைந்திருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்றி வைப்பேன்.