வாக்குவம் பீன் பேக்: பிடிப்பு பிரமாதம், பின்சுவர்தான் தொல்லை

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியைப் பக்கவாட்டில் படுக்கவைக்கும் கேஸ்களுக்கு வாக்குவம் பீன் பேக் வந்திருக்கிறது. உள்ளே குட்டிக் குட்டி தெர்மோகோல் மணிகள். வால்வில் சக்‌ஷன் குழாயை மாட்டிக் காற்றை இழுத்தால், ஆள் படுத்திருக்கும் வடிவத்துக்கே இறுகிவிடும். டேபிளை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஆள் நகர்வதில்லை. ஷீட்டைச் சுருட்டி முன்னும் பின்னும் முட்டுக்கொடுத்த காலத்துக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் வயிற்றைத் தொடாமல் முதுகுப்பக்கமாகவே கிட்னிக்குப் போகிற லேப்ராஸ்கோப்பி என்றால் கதை வேறு. முதல் போர்ட், அதாவது கருவி நுழையும் சிறு துளை, 12வது விலா நுனிக்குக் கீழே, இன்னொன்று அதற்கும் பின்னால், முதுகுத் தசையின் ஓரத்தில். பேக்கின் பின்சுவர் விறைத்து நிற்பதும் சரியாக அங்கேதான், கருவியின் கைப்பிடியைத் தாழ்த்தும்போதெல்லாம் அதில் இடிக்கிறது, சர்ஜன் நம்மைப் பார்த்து முறைக்கிறார். டேபிளை மடக்கி, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இடம் விரிந்த பிறகு, அந்தப் பின்சுவரை உள்ளங்கையால் நன்றாக அமுக்கிப் பள்ளமாக்கிவிட்டு அப்புறம்தான் காற்றை இழுக்க வேண்டும். இறுகியபின் அமுக்கிப் பயனில்லை, வால்வைத் திறந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இறுகிய பேக் கல் மாதிரி. நேரடியாகப் படுக்கவைக்காதீர்கள், மேலே ஜெல் பேட் கட்டாயம். பருமனான ஆள், நீண்ட கேஸ் என்றால் கீழ்ப்பக்க இடுப்புத் தசை நசுங்கிச் சிதைந்து கிட்னியையே பாதிக்கலாம். அக்குள் சுருள், அதாவது கீழ்ப்பக்க அக்குளருகே முட்டாக வைக்கும் சுருள், இந்தப் பேக் இருந்தாலும் வேண்டும். அதை அக்குளுக்குள் திணிக்காமல் சற்றுக் கீழே, நெஞ்சுப்பக்கம் வைத்தால்தான் கைக்குப் போகும் நரம்புகள் தப்பும். கீழ்க்காலை மடக்கி, மேல்காலை நீட்டி, நடுவில் தலையணை வைப்பதெல்லாம் வழக்கம்போலத்தான்.

இன்னொரு குறை வால்வ். லேசாகக் கசிந்தால், நோயாளி மேல் போர்த்தும் துணிக்கு (ட்ரேப்) அடியில் பேக் மெல்லத் தளரும், யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் இடுப்புக்குக் குறுக்கே அகலமான ஒட்டும் பிளாஸ்டர் போடுவதை நாங்கள் இன்னும் விடவில்லை.

விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்பதும் இல்லை. முதுகு வழி கேஸ்களில் கருவிகளுக்கு உள்ளே இடம் உண்டாக்க ஊதும் பலூனையே பம்பாய் டாக்டர் கவுர் 1992இல் கையுறையை வைத்துச் செய்து காட்டினார், கையுறை விரலை வைத்து இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. வயிற்று வழி கேஸ்கள் நிறைய வருகிற இடமா, தாராளமாக வாங்குங்கள். முதுகு வழிதான் அதிகம் என்றால் டேபிளோடு வரும் பக்கத் தாங்கிகளும் நல்ல ஜெல் பேடும் போதும். குப்புறப் படுக்கவைத்துச் செய்யும் அட்ரினல் (கிட்னிக்கு மேலிருக்கும் சுரப்பி) கேஸுக்கு இந்தப் பேக்கை வெளியே எடுக்கவே வேண்டாம்.