சர்வருக்கு ராம் ஏற்றச் சொல்கிறார்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் அலுவலகத்தில் 14 பேர் ஒரே ரிமோட் டெஸ்க்டாப் சர்வருக்குள் (எல்லோரும் அவரவர் இடத்திலிருந்தே நுழையும் பொதுக் கணினி) நுழைந்து பில்லிங் மென்பொருளில் வேலை செய்கிறோம். தரவுத்தளமும் அதே சர்வரில்தான். ஆறேழு மாதமாக அது ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் திறக்க அரை நிமிடம். கணக்குப் பார்க்கும் அக்கா போனில் "ஒரு நிமிஷம் இருங்க, வந்துட்டிருக்கு" என்று சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோனார்.

சர்வரை அமைத்துக் கொடுத்து, பராமரிப்பும் பார்க்கிற நிறுவனத்தைக் கூப்பிட்டோம். வந்தவர் பத்து நிமிடம்கூட உட்காரவில்லை. "ராம் பத்தலை சார்" என்றார். கணினியின் வேலை நினைவகமான ராம் 16 ஜிபியிலிருந்து 64 ஆனது. ஒன்றும் மாறவில்லை. "அப்போ பிராசசர் பத்தலை சார்" என்றார். எங்கள் சர்வர் ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது பெரிய கணினிக்குள் மென்பொருளால் பிரித்துத் தரும் வாடகைக் கணினி. அதில் 4 பிராசசர் 8 ஆனது. மாத வாடகை ஏறியதுதான் மிச்சம். மூன்றாவது முறை புது சர்வருக்கே கொட்டேஷன் நீட்டினார்.

அன்று இரவு எல்லோரும் வெளியேறிய பிறகு, பாக்கி அறிக்கையை ஓடவிட்டு, கணினியில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு, அதாவது பிராசசர், 13 சதவீதம். ராமில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. எதுவுமே நிரம்பவில்லை, ஆனால் அறிக்கை நகரவில்லை. சிபியு வரைபடத்தில் வலது சொடுக்கி, லாஜிக்கல் பிராசசர்களைத் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றினேன். எட்டுக் கட்டங்களில் ஏழு கிட்டத்தட்டத் தரையோடு கிடந்தன. ஒன்று மட்டும் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. எட்டில் ஒன்று என்றால் 12.5 சதவீதம். கணக்குச் சரியாக வந்தது.

எங்களிடம் இருந்த தரவுத்தள மென்பொருள் எஸ்க்யூஎல் சர்வர் 2019 எக்ஸ்பிரஸ், இலவசப் பதிப்பு. எத்தனை ஜிபி ராம் போட்டாலும் தரவை நினைவில் வைத்துக்கொள்ள அது 1,410 எம்பிக்கு மேல் எடுக்காது. பிராசசரிலும் கட்டுப்பாடு உண்டு: ஒரு சாக்கெட் (பிராசசர் சிப் உட்காரும் இடம்) அல்லது 4 கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் அலகு), எது குறைவோ அதுதான். எங்கள் மெஷினிலோ எட்டையும் சாக்கெட்டுக்கு ஒரு கோர் என்று எட்டு சாக்கெட்டாக அமைத்திருந்தார்கள். ஆக, தரவுத்தளத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு கோர்.

இது ஒளிந்திருந்த விஷயமும் இல்லை. எஸ்க்யூஎல் சர்வர் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தன் எர்ரர் லாகில், அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பில், இதை எழுதி வைக்கிறது. பழைய லாகில் 4 சாக்கெட், பயன்படுத்துவது 1 என்று இருந்தது. பிராசசர் ஏற்றிய நாளின் லாகில் 8 சாக்கெட், பயன்படுத்துவது 1. அந்த வரியைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. எக்ஸ்பிரஸை நிறுவியதே அவர்கள்தானே!

ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒவ்வொருவரின் செஷனும் ராம் சாப்பிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் நாள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில், 14 பேரும் உள்ளே இருக்கும்போதே 5 ஜிபி மீதி தெரிகிறது.

மெஷினை நிறுத்தி, ஒரு சாக்கெட்டில் 4 கோர் என்று மாற்றச் சொன்னோம். சில நிமிட வேலை. அப்புறம் மென்பொருள்காரரிடம் பேசியதில், பில் டேபிளில் வாடிக்கையாளர் எண்ணுக்கு இண்டெக்ஸே (புத்தகத்தின் பொருளடைவு போல நேராகத் தேட உதவும் பட்டியல்) இல்லை என்று தெரிந்தது. ஒருவரின் கணக்கைக் கேட்டால் எல்லோருடைய பில்லையும் முதலிலிருந்து கடைசிவரை புரட்டியிருக்கிறது. இண்டெக்ஸ் போட்டார். ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து தரவுத்தளக் கோப்புகளுக்கு விலக்கும் கொடுத்தோம். இப்போது கணக்கு ஒரு நொடியில் திறக்கிறது.

உங்களிடமும் ராம் ஏற்றச் சொன்னால், தரவுத்தளம் எந்தப் பதிப்பு, அது எத்தனை கோர் எடுக்கிறது என்று கேளுங்கள். எது நிரம்பி வழிகிறது என்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரிடம் கொட்டேஷன் வாங்காதீர்கள்.

கூடுதல் 48 ஜிபியைத் திருப்பிவிட்டோம். வீணாய்க் கட்டிய வாடகையைக் கேட்டு, இரண்டு லாக் வரிகளையும் இணைத்துக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை.