கப்பல் ஏறும் நாளில் வடசென்னை: லோக்கல் டிரைவரோடு அரை நாள் தேறுமா?

மதுரையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ ராத்திரி ரயில் பிடித்தால் விடிகாலையில் எழும்பூர். கப்பலில் ஏற்றுவது பெரும்பாலும் மதியத்தை ஒட்டித்தான். நடுவில் அஞ்சாறு மணி நேரம், கையில் நாலு பெட்டி. 2022 ஜூனில் கார்டிலியா உல்லாசக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்ப ஆரம்பித்த பிறகு, இப்படித் தவிக்கும் குடும்பங்கள் அதிகம். இந்த இடைவெளிக்குக் கச்சிதமாகப் பொருந்துவது ‘டிரைவர் கம் கைடு’ என்று சொல்லிக்கொண்டு வண்டி ஓட்டுபவர்களின் அரை நாள் பேக்கேஜ். வெளியூர்க் கப்பலில் வந்து ஒரு பகல் மட்டும் இறங்குபவர்களுக்கும் இதே ஆட்கள்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆள் கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். அவர் தெற்கே போகலாம் என்று ஆரம்பித்தால் வேண்டாம். மகாபலிபுரம் போகவே ஐம்பத்தைந்து, அறுபது கிலோமீட்டர்; திரும்பி வரும்போது ஈ.சி.ஆரில் ஒரு இடத்தில் அடைத்துக்கொண்டால் கப்பல் உங்களுக்காக நிற்காது. தூரம் ஓட ஓட வாடகை ஏறும் என்பதால்தான் அந்த யோசனை வருகிறது. துறைமுகத்தைச் சுற்றி ஏழெட்டு கிலோமீட்டருக்குள்ளேயே அரை நாளுக்கு வேண்டியதற்கு மேல் இருக்கிறது.

இந்தச் சேவையில் காசு கொடுப்பது பேச்சுக்கு அல்ல, வண்டியை எங்கே நிறுத்துவது என்று தெரிந்ததற்கு. என்.எஸ்.சி. போஸ் சாலையில் காரை ஒரு நிமிடம் ஓரங்கட்டினாலும் பின்னால் ஹாரன் கச்சேரிதான். சவுகார்பேட்டைச் சந்துகளுக்குள் நுழைந்தால் எதிரே வரும் மீன்பாடி வண்டிக்கு வழிவிட்டே அரை மணி போகும். விவரம் தெரிந்தவர் உங்களை ஒரு முனையில் இறக்கிவிட்டு, நீங்கள் நடந்து வெளியே வரும் மறுமுனையில் வந்து நிற்பார். வெளியூர் வண்டியும் ஆப்பில் பிடித்த டாக்ஸியும் இங்கேதான் தோற்கும்.

வாடகைக் கணக்கு எல்லோரும் ஏமாறும் இடம். சென்னையில் வழக்கமான பேக்கேஜ் இரண்டு: 4 மணி நேரம் 40 கிலோமீட்டர், 8 மணி நேரம் 80 கிலோமீட்டர். அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு. நேரம் நீங்கள் ஏறியதிலிருந்து ஓடாது. வண்டி அதை நிறுத்தி வைக்கும் செட்டிலிருந்து கிளம்பி மறுபடி செட்டுக்குப் போகும்வரை ஓடும். வண்டி தாம்பரத்திலிருந்து வந்தால் போகவர ரெண்டு மணி நேரத்துக்குமேல் உங்கள் தலையில்தான் விழும். தண்டையார்பேட்டையில் செட் இருந்தால் அந்தச் சேதாரம் இல்லை. கீழே சொல்லும் சுற்றுக்கு ஐந்து மணி நேரம் ஆகும். கிலோமீட்டர் முப்பதைத் தாண்டாது. அதனால் 4 மணி பேக்கேஜ் போட்டு மேற்கொண்டு ஆகும் நேரத்துக்குத் தனியாகக் கொடுப்பதுதான் லாபம். பேட்டா, பார்க்கிங், நுழைவுக் கட்டணம் எல்லாம் உள்ளேயா வெளியேயா என்பதை வாட்ஸப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு பார்க்கிங் ரசீது வரும்போது மறந்துபோகும்.

வண்டிக்கு மஞ்சள் போர்டு இருக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டி கொஞ்சம் சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ் வாடகை ஓட்டத்தில் நடக்கும் விபத்துக்குக் கைகொடுக்காது. அடுத்தது டிக்கி. சி.என்.ஜி. சிலிண்டர் வைத்த செடான் என்றால் டிக்கியில் பாதிக்குமேல் சிலிண்டரே உட்கார்ந்திருக்கும், பெரிய பெட்டி ஒன்றுகூட ஒழுங்காக நுழையாது. நாலு பேர், நாலு பெட்டி என்றால் இன்னோவா கேளுங்கள். எர்டிகாவில் கடைசி சீட்டை மடித்தால்தான் இடம், அதுவும் சி.என்.ஜி. எர்டிகா என்றால் யோசிக்க வேண்டும். பெட்டியை மேலே கேரியரில் கட்டிக்கொண்டு சந்தையில் நிறுத்திவிட்டுப் போவது நல்ல யோசனை அல்ல.

‘கைடு’ என்ற சொல்லை நம்பிப் பணம் கூட்டிக் கொடுக்க வேண்டாம். மத்திய சுற்றுலா அமைச்சகமோ மாநில சுற்றுலாத் துறையோ கொடுத்த அட்டை கழுத்தில் தொங்கினால்தான் வழிகாட்டி. மற்றவர்கள் ஊர் தெரிந்த டிரைவர்கள், அவ்வளவே. அதில் ஒரு குறையும் இல்லை, கதையை மட்டும் கொஞ்சம் வடிகட்டிக் கேட்க வேண்டும். ராயபுரம் ஸ்டேஷன்தான் இந்தியாவின் முதல் ஸ்டேஷன் என்று பத்தில் எட்டுப் பேர் சொல்வார்கள். முதல் பயணிகள் ரயில் 1853-ல் பம்பாயில் ஓடியது. ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம், வாலாஜா ரோடு வரைக்கும் வண்டி விட்டது 1856 ஜூலை 1. இதன் பெருமை வேறு: அந்தக் காலத்துக் கட்டடங்களில் இன்றும் நிற்பது, இன்றும் ஸ்டேஷனாகவே இருப்பது இதுதான். முகப்புத் தூண்களைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

சுற்றைக் காசிமேடு மீன் சந்தையிலிருந்து தொடங்குவது நல்லது. ஆறரைக்குள் போய்ச் சேர வேண்டும். மொத்த வியாபார ஏலம் அதற்கு வெகு முன்னாலேயே, இருட்டிலேயே தொடங்கியிருக்கும். ஏலத்தில் தராசு கிடையாது. மீனைக் கூடையோடு தரையில் கவிழ்த்து, ஏலம் விடுபவர் விலையைப் பாட்டுப் போல இழுத்துக்கொண்டே போக, சுற்றி நிற்கும் அக்காமார்கள் விரலாலும் தலையசைப்பாலும் கேட்பார்கள். ஒரு கூறு கைமாற அரை நிமிடம்கூட ஆகாது. நடுவில் போய் நின்று செல்போனை நீட்டினால் திட்டு நிச்சயம், அதுவும் வடசென்னைத் தரத்தில். ஓரமாக நின்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தள்ளி சில்லறை வரிசையில் வஞ்சிரம், சங்கரா, வவ்வால், இறால், நண்டு என்று பரப்பியிருக்கும். அங்கே நின்று வேடிக்கை பார்க்கலாம், பேசலாம்.

தரை முழுக்க ஐஸ் தண்ணீரும் செதிலும். கப்பலுக்கென்று வாங்கிய வெள்ளை ஷூவோடு இறங்காதீர்கள். பிடிப்புள்ள ரப்பர் செருப்பு, மடித்துவிட்ட பேன்ட். வண்டியை ஏலக்கூடம்வரை ஓட்டிப்போகும் டிரைவர் அனுபவம் இல்லாதவர். ஐஸ் லாரியும் மூன்று சக்கர டெம்போவும் குறுக்கே நின்றுவிட்டால் ஏழரை மணிவரை வெளியே எடுக்க முடியாது. மீன் தண்ணீர் பட்ட டயர் வாசனை அன்று பூராவும் கூடவே வரும். வாசலுக்கு வெளியே சாலையில் நிறுத்துபவரே சரி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் திருவிழாதான், குழந்தைகளோடு என்றால் வேறு நாள் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், ஃபைபர் படகு மீன்தான் வரும். அந்த மாதங்களில் காசிமேட்டுக்கென்று தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இன்னொன்று, ஆசைப்பட்டு மீனோ கருவாடோ வாங்கிவிடாதீர்கள். கப்பலில் ஏற்ற விட மாட்டார்கள்.

காசிமேட்டிலிருந்து எந்த வழியாகத் திரும்புகிறார் என்பதில்தான் டிரைவரின் தரம் தெரியும். துறைமுகத்தின் வடகோடியில் ஜீரோ கேட். கன்டெய்னர் டிரெய்லர்கள் உள்ளே போவது அந்த வழியாக. கேட்டில் ஆவணச் சோதனை மெதுவானாலோ உள்ளே யார்டில் இடம் இல்லாமல் போனாலோ வரிசை எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கே நீண்டுகொண்டே போகும். ஒரு பக்கம் முழுக்க டிரெய்லர்தான். அதனால்தான் ‘காசிமேடு முடிச்சு அப்படியே திருவொற்றியூர் கோயில் பாத்துட்டு வந்துரலாம்ணா’ என்பதைக் கேட்டதும் தலையாட்டக் கூடாது. போவது சுலபம், வருவது கப்பல் நாளில் சூதாட்டம். அந்தக் கோயில் வடிவுடையம்மனைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. வேறொரு நாளில் அதில் போங்கள்.

ராயபுரத்தில் பார்சிகளின் அக்னிக் கோயில் இருக்கிறது, 1910-ல் கட்டியது. மற்றவர்களை உள்ளே விடுவதில்லை. ‘பேசிப் பாக்குறேன் சார்’ என்று இறங்கும் டிரைவரைத் தடுத்துவிடுங்கள்.

காலை நாஷ்டாவுக்குத் தம்புச் செட்டித் தெருப் பக்கம் வந்துவிடலாம். ஹைகோர்ட் வக்கீல்களையும் குமாஸ்தாக்களையும் நம்பி நடக்கும் சின்ன மெஸ்களில் இட்லியும் பொங்கலும் சூடாகக் கிடைக்கும். டிரைவர் தானாக ஏ.சி. ஹோட்டலுக்கு ஓட்டினால் அங்கே அவருக்குச் சாப்பாடு இலவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அரண்மனைக்காரன் தெருவில் இறக்கிவிடச் சொல்லுங்கள். அங்குள்ள ஆர்மீனியன் தேவாலயம் இப்போதிருக்கும் வடிவில் 1772-ல் எழும்பியது. இன்றைக்கு வழிபாட்டுக்கு ஆர்மீனியர்கள் இல்லாத கோயில். வளாகத் தரையில் கல்லறைக் கற்கள், வெளியே தெருவின் இரைச்சலுக்குச் சம்பந்தமே இல்லாத அமைதி. உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 1794-ல் வந்தது இந்த ஊரில்தான், அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறை இங்கே. அந்தக் கல்லைக் கைகாட்டத் தெரிந்த டிரைவருக்குக் கேட்ட பேட்டாவை மறுபேச்சில்லாமல் கொடுக்கலாம். மதியத்துக்குமேல் வைத்துக்கொண்டால் கதவு சாத்தியிருக்க வாய்ப்புண்டு, முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். அங்கிருந்து கிழக்கே குறுக்குத் தெருவில் நடந்தால் லிங்கிச் செட்டித் தெரு, அடுத்து தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள். சிவாஜி 1677-ல் வந்து கும்பிட்டதாகச் சொல்லும் சந்நிதி. பன்னிரண்டு வாக்கில் நடை சாத்துவார்கள். இன்னும் கிழக்கே போனால் செகண்ட் லைன் பீச், அதைத் தாண்டி ராஜாஜி சாலை. வண்டி பீச் ஸ்டேஷன் பக்கம் வந்து நின்றால் திரும்ப நடக்க வேண்டியதில்லை.

அத்தோ என்ற பர்மா நூடுல்ஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பர்மா பஜார் பக்கத்து அத்தோ கடைகள் களைகட்டுவது சாயங்காலம்தான். காலைச் சுற்றில் ‘அத்தோ டேஸ்டிங்’ என்று போட்டிருந்தால் அது பேக்கேஜை நிரப்பப் போட்ட வரி. முந்தின நாளே வந்து தங்குபவர்கள் கட்டாயம் போங்கள். சாதா அத்தோவுக்கு அடுப்பு வேண்டாம். எண்ணெய் தடவி வைத்த ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு பிடி, மெல்லிசாகச் சீவிய கோஸும் வெங்காயமும், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு, புளித்தண்ணீர், மேலே நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு தட்டை. எல்லாவற்றையும் ஒரு பேசினில் போட்டுக் கையால் பிசைந்து தட்டில் தள்ளுவார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். காரம் கம்மி என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிசைந்த பிறகு சொல்லிப் பிரயோஜனமில்லை. சவுகார்பேட்டையின் சீனா பாய் கடை நெய் ஊத்தப்பமும் சாயங்கால விவகாரமே.

கோட்டையும் ஹைகோர்ட்டும் எல்லாப் பட்டியலிலும் இருக்கும். கோட்டை மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அது தெரியாமல் வெள்ளிக்கிழமைத் திட்டத்தில் கோட்டையைப் போடுகிறவர் கைடு அல்ல. தலைமைச் செயலகமும் உள்ளே இருப்பதால் சோதனை உண்டு, சட்டசபை நடக்கும் நாளில் இன்னும் கெடுபிடி. ஹைகோர்ட்டை வேலை நாளில் ரோட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு வீசியதை நினைவுபடுத்தும் கல் அதன் கிழக்கு மதிலில் இருக்கிறது. வண்டியை மெதுவாக ஓட்டி அதைக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசி அரை மணிதான் முக்கியம். மேப்பில் ‘சென்னை போர்ட்’ என்று மட்டும் போட்டால் எந்த கேட்டுக்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் விடும். எண்ணூர்ப் பக்கம் காமராஜர் துறைமுகம் வேறு தனியாக இருக்கிறது. எந்த கேட், எத்தனை மணிக்கு என்று கப்பல் நிறுவனம் அனுப்பிய தாளில் இருக்கும். அதை அப்படியே டிரைவருக்கு முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். பாஸ் இல்லாத வண்டியை சி.ஐ.எஸ்.எஃப். உள்ளே விடாது, அதனால் பெட்டியைக் கேட்டிலேயே இறக்க வேண்டி வரலாம். ராஜாஜி சாலையில் நடுவே மீடியன். கேட்டைத் தவறவிட்டால் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். செக்-இன் மூடும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாகக் கேட்டில் நிற்கும்படி கணக்குப் போடுங்கள். துறைமுகத்துக்குள் படம் எடுக்காதீர்கள். கப்பலிலிருந்து ஒரு பகலுக்கு இறங்குபவர்கள், பாஸ்போர்ட் சோதனை முடிந்து வெளியே வர ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கலாம் என்பதைச் சொல்லி, டிரைவரின் மணிக்கணக்கு எப்போது தொடங்குகிறது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். கப்பல் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் ஒன்றுதானா என்பதையும் இறங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கை முடித்ததும் டிரைவரை அனுப்பிவிடாதீர்கள். அசல் அடையாள அட்டை ஊரிலேயே நின்றுபோனது, மது பாட்டில் பெட்டிக்குள் இருந்தது என்று கேட்டிலிருந்து திருப்பி அனுப்பப்படுபவர்கள் உண்டு. பெட்டிக்கு டேக் கட்டி, ஆட்கள் எல்லோரும் உள்ளே போனபிறகு ஒரு போன் போட்டுச் சொன்னால் அவர் கிளம்பிக்கொள்வார். அந்தக் கால் மணி நேரத்துக்கு வெயிட்டிங் கேட்காத ஆளாக இருந்தால், திரும்பி வரும் நாளுக்கும் அவரையே சொல்லி வையுங்கள்.