படலமா, கரைப்பானா? பாலிமர்சோம் செய்ய இரு வழிகள்

மருந்து சுமக்கும் பாலிமர் நுண்பைகளான பாலிமர்சோம்களைச் செய்ய உலர்ந்த படலத்தை நீரில் ஊறவைக்கலாம். அல்லது கரைப்பானில் கரைத்த பாலிமரை நீரோடு சேர்க்கலாம். எந்த வழி என்பதை ஆய்வகப் பழக்கத்துக்கு விடாமல், பாலிமரின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை, அதாவது விறைப்பான பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலையைப் பார்த்து முடிவெடுப்பதே சரி.

நுண்பையாவது நீர்விரும்பும் பகுதியும் நீர்வெறுக்கும் பகுதியும் இணைந்த பிளாக் கோபாலிமர். அதில் நீர்விரும்பும் பகுதி எடையில் ஏறக்குறைய 25 முதல் 45 சதவீதம் இருக்கவேண்டும். அதைத் தாண்டினால், உள்ளே நீரறை இல்லாத உருண்டையான மிசெல்தான் கிடைக்கும். எந்த வழியில் போனாலும் இதற்கு விலக்கில்லை.

படல முறையில் 10 மி.கி. பாலிமரை 1 மி.லி. குளோரோஃபார்மில் கரைத்து, குடுவையைச் சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டரி எவாப்பரேட்டரில் மெல்லிய படலமாக்கி, இரவு முழுக்க வெற்றிடத்தில் வைப்பார்கள். பிறகு 1 மி.லி. பஃபர் (அமிலத்தன்மை மாறாத நீர்க்கரைசல்) ஊற்றிக் கலக்கினால், அடுக்குகளுக்குள் நீர் புகுந்து படலம் வீங்கும். உரிந்து வரும் தகடுகள், நீர்வெறுக்கும் ஓரங்களை மறைக்க வளைந்து மூடிக்கொள்ளும். படலம் தடித்துவிட்டால் மேலடுக்கு மட்டுமே உரியும், மீதி குடுவையிலேயே ஒட்டிக்கிடக்கும். கிடைப்பதும் பல அளவில், பல சுவர்களோடு இருக்கும். உறையவைத்து உருக்குவதைச் சில முறை செய்து, 200, பின் 100 நானோமீட்டர் துளைகள் கொண்ட சவ்வில் அழுத்தித் தள்ளவேண்டும்.

சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். திறந்த குப்பியில் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும்; படலம் பால்போல் வெளுத்துத் துளைவிழும். உறைபெட்டியிலிருந்து எடுத்த பாலிமர் புட்டியையும் அறை வெப்பத்துக்கு வருமுன் திறக்கக் கூடாது. இதற்குப் பயன்படும் பாலிமர்களில் ஒன்றான பாலிலாக்டைடின் சங்கிலியைக் கோக்கும் எஸ்டர் பிணைப்புகளை ஈரம் அறுத்துவிடும்.

நீர்வெறுக்கும் பகுதி பாலிபியூட்டடையீன் என்றால், அது நீரின் உறைநிலைக்கு வெகு கீழேயே இளகிவிடுவதால், அறை வெப்பத்திலேயே படலம் நுண்பையாகும். புரதம் ஏற்ற இதுவே என் தேர்வு, உடலில் சிதையாது என்ற குறை இருந்தாலும். பாலிலாக்டைடு இளக 55 முதல் 60 டிகிரி வேண்டும், பல புரதங்கள் அதைத் தாங்கா. பாலிஸ்டைரீனுக்கு 100 டிகிரி அளவில் ஆகும் என்பதால் படலத்தை மறந்துவிடலாம்.

அங்கேதான் கரைப்பான் வழி. டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்து, கலக்கியபடியே நீரைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, கரைப்பானைச் சவ்வு வழியே வெளியேற்றும் டயாலிசிஸ் செய்வார்கள். நீர் சேர்க்கும் வேகம் மாறினால் நுண்பையின் அளவும் மாறும். டயாலிசிஸின்போது சிறு மூலக்கூறு மருந்து கசியவும் செய்யும். புற்றுநோய் மருந்தான டாக்சோருபிசினை, அம்மோனியம் சல்பேட் சரிவால் (நுண்பைக்கு உள்ளே செறிவு அதிகம், வெளியே குறைவு) பிறகு ஏற்றுவது மேல்.

படல முறையைக் ‘கரைப்பானற்றது’ என்று நம்பிவிட வேண்டாம். மருந்தில் மிஞ்சும் கரைப்பானுக்கு, மருந்து நெறிமுறைகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐசிஎச் வைத்துள்ள வரம்பு டெட்ராஹைட்ரோஃபியூரானுக்கு 720 பிபிஎம் (பத்து லட்சத்தில் 720 பங்கு), குளோரோஃபார்முக்கோ வெறும் 60. பாலிமர் கரையுமானால், 600 பிபிஎம் வரை இடமுள்ள டைக்குளோரோமீத்தேனுக்கு மாறிக்கொள்ளலாம்.